வாசலில் வைத்த தூக்குவாளி

ஒரு கட்டடம் கோயிலா இல்லையா என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? கோபுரத்தைப் பார்த்தா? டென்மார்க்கில் அது சரிவராது. நாங்கள் போகிற பிள்ளையார் கோயில் ஒரு காலத்தில் கம்பளம் விற்ற கிடங்கு. தகரக் கூரை, லொறி வந்து திரும்புகிற அளவுக்கு முற்றம், கழுவக் கழுவப் போகாத பசை மணம். அதன் மேல்தான் சாம்பிராணி. எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் உண்மையான ஒரு தேவாலயம் இருக்கிறது. மணிக்கூண்டு, வண்ணக் கண்ணாடி எல்லாம் உண்டு. உள்ளே யோகா வகுப்பு நடக்கிறது.

ஆகவே கட்டடத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. நான் வேலை செய்கிற இடத்தைப் பற்றி அம்மா கேட்டபோதும் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அது கோப்பன்ஹேகன் நடுவில், ஒரு பழைய தொடர்மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளமும் முதல் மாடியும். யூதப் பண்பாட்டு இல்லம். எல்லோருக்கும் திறந்தது என்று கதவிலேயே எழுதியிருக்கும். கதவுக்கு வெளியே பொலிஸ்காரர் துவக்கோடு நிற்பார், நீளத் துப்பாக்கி. இரண்டும் ஒரே வாசலில். முதல் கிழமை இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குக் கண் கூசியது. பிறகு பழகிவிட்டது. பொலிஸ்காரருக்கு நான்தான் கோப்பி கொண்டுபோய்க் கொடுப்பேன். பால் விடாமல், சீனி நிறையப் போட்டு.

மானிடவியல் படித்து முடித்துவிட்டு வேலை இல்லாமல், நகரத்துக்கு வெளியே ஹ்விடோவ்ரேயில் அம்மாவின் சோபாவில் கிடந்த காலத்தில்தான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். யூதராக இருக்கத் தேவையில்லை, கோப்பி போடத் தெரிந்தால் போதும் என்ற மாதிரி எழுதியிருந்தார்கள். எனக்குக் கோப்பி போடத் தெரியாது. அதைச் சொல்லாமல் போய்ச் சேர்ந்தேன். மெஷின் என்னைவிடக் கெட்டிக்காரி, சமாளித்துவிட்டது.

அங்கே என்னதான் நடக்கும் என்று கேட்டால், எல்லாம் நடக்கும். ஒரு நாள் கிளாரினெட் வைத்து அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வருகிற இசை. ஒரு நாள் படம். ஒரு நாள் பிள்ளைகளுக்கு பொம்மலாட்டம். செவ்வாய்க்கிழமைகளில் ஒரு கூட்டம் வந்து, தங்களின் பாட்டன் பூட்டன் பேசிய பாஷையைப் படிக்கிறோம் என்று உட்கார்ந்து பாதி நேரம் சிரித்துக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் திறந்த மேசை. யாரும் வரலாம். மெழுகுதிரி கொளுத்துவார்கள், பின்னல் மாதிரிப் பின்னிய பாணை, அதாவது ரொட்டியை, துணியால் மூடி வைத்து, ஒரு சின்ன மந்திரம் சொல்லி, பிய்த்துக் கொடுப்பார்கள். எங்கள் பொறுப்பாளர்தான் மந்திரம் சொல்வார். நரைத்த கட்டைத் தலைமயிர், சிவப்புக் கண்ணாடி, பேச ஆரம்பித்தால் கையும் சேர்ந்து பேசும். இதே பெண்மணி மத்தியானம் என் எதிரே இருந்து இறால் வைத்த பாண் சாப்பிடுவார். யூதருக்கு இறால் ஆகாது என்பது நான் பரீட்சைக்குப் படித்த விஷயம்.

"உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை இருக்கோ?" என்று ஒரு நாள் கேட்டேன். டேனிஷில்தான் கேட்டேன், டேனிஷில் நடந்த பேச்சையெல்லாம் இங்கே எங்கள் தமிழிலேயே தருகிறேன்.

"கடவுளோட எனக்குக் கதை பேச்சு இல்லை. மெழுகுதிரி வேற விஷயம்" என்றார்.

"அப்ப இது சமயமோ, பண்பாடோ?"

"நீ சொல்லன். நீ இந்துவோ?"

"வெள்ளிக்கிழமையில" என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன். ஆனால் யோசித்தால் அது உண்மை. மற்ற நாட்களில் மாட்டிறைச்சி பேர்கர் அடிக்கிற நான், வெள்ளிக்கிழமை முட்டை கூடத் தொடமாட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பாணில் மிச்சம் இருந்த இறாலை வாயில் போட்டுக்கொண்டார்.

வெளியிலும் குழப்பம்தான். பல்கலைக்கழகக் கூட்டாளி ஒருத்தி, நீ எந்தப் பக்கம் என்று குறுஞ்செய்தி போட்டாள். கோப்பி மெஷின் பக்கம் என்று பதில் போட்டேன். அவள் அதற்குச் சிரிக்கவில்லை. பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை. செய்தியில் பார்க்கிற அந்தச் சண்டையைப் பற்றி உள்ளே இருப்பவர்களுக்குள்ளேயே வாக்குவாதம், அழுகை. கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனவர்கள் உண்டு. போனவர்களே அடுத்த நாள் வந்து கோப்பி கேட்டதும் உண்டு. எனக்கு எது சரி என்று தெரியவில்லை என்று சொல்வதற்குக்கூட யாராவது ஒரு இடம் தரவேண்டும். அந்த இடம் எனக்கு அந்தக் கோப்பி மேசைதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இலையுதிர்காலத்தில் இல்லம் ஒரு அறிவிப்பு விட்டது. சாப்பாட்டு மேசை பற்றி வசந்தத்தில் ஒரு கண்காட்சி, படம், சிலை, ஒலி, எதுவும் அனுப்பலாம், யாரும் அனுப்பலாம். யாரும் என்றால் கோப்பி போடுகிறவளும்தானே? நான் ஒரு ஒலிப்பதிவு அனுப்பினேன்.

அம்மா வெள்ளிக்கிழமை சமைக்கிற சத்தம். அவ்வளவுதான். கத்தி பலகையில் படுகிற சத்தம், கடுகு வெடிக்கிற சத்தம், மேலே உறிஞ்சுகிற விசிறியின் இரைச்சல். அதோடு ஃபோன். அப்பா இறந்த பிறகு, யாழ்ப்பாணத்திலிருந்து பெரியப்பா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மாவுக்கு ஃபோன் எடுப்பார். அப்பாவின் அண்ணன். அம்மா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மசாலா டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, சமைத்துக்கொண்டே அவரோடு சண்டை பிடிப்பார். சண்டை என்றால் உண்மைச் சண்டை இல்லை.

"இண்டைக்கு என்ன கறி, பிள்ளை?"

"பூசணிக்காய், அத்தான்."

"அங்க எங்கால பூசணிக்காய்?"

"இஞ்ச பேய்த் திருவிழா ஒண்டு இருக்கு. அதுக்குப் பூசணிக்காயில கண்ணும் வாயும் வெட்டி வாசல்ல வைப்பினம். அது முடிஞ்ச அடுத்த நாள் சும்மா குடுக்காத குறையா விக்கிறாங்கள்."

"பேய்க்குப் படைச்சதையே சமைக்கிறாய்?"

"படைச்சதில்லை அத்தான், மிஞ்சினது! வைக்கிறன், எண்ணெய் காயுது."

வைக்கிறேன் என்று சொன்ன பிறகும் அரை மணித்தியாலம் போகும். நான் நாலு நிமிடமாக வெட்டித் தொகுத்தேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான். "என்ர குரலை வைச்சு உவையள் என்ன செய்யப்போகினம்?" என்றார். பெரியப்பாவிடமும் கேட்டேன். "என்னை டென்மார்க் ரேடியோவில போடுறியோ? அப்ப கொஞ்சம் நல்ல தமிழில கதைச்சிருப்பன்" என்று சிரித்தார்.

பதிவு தெரிவாகிவிட்டது. என் வாழ்க்கையில் முதல் தரமாக, நான் செய்த ஒன்றைச் சுவரில் பெயர் போட்டு வைக்கப்போகிறார்கள். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை. பகல், பின்னேரம், வார இறுதி என்று மாறி மாறி வேலை நேரம். பள்ளிக்கூட நாடகம், பட்டமளிப்பு, எதற்கும் அவரால் முழுசாக வர முடிந்ததில்லை. வந்தாலும் கோட்டைக் கழற்றாமல் கதவுக்குப் பக்கத்தில் நிற்பார். இந்த ஒன்றுக்கு மட்டும் அம்மா உள்ளே வந்து, உட்கார்ந்து, ஹெட்ஃபோனைப் போட்டு, நாலு நிமிடமும் கேட்கவேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். திறப்பு விழா வியாழக்கிழமை என்று தெரிந்த உடனேயே அவருடைய வேலை நேர அட்டவணையில் அந்த நாளுக்கு லீவு போட வைத்தேன்.

திறப்பு விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு பெரியப்பா இறந்துபோனார். இரவு படுத்தவர் காலையில் எழும்பவில்லை. செய்தி வந்தபோது அம்மா வேலைக்கு வெளிக்கிட்டு, சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்தார். பிறகு அவிழ்த்தார்.

எனக்குப் பெரியப்பாவை நேரில் தெரியாது என்றே சொல்லலாம். சின்ன வயதில் ஒரு தரம் ஊருக்குப் போனபோது பார்த்தது. மற்றபடி அவர் மசாலா டப்பாவில் சாய்ந்திருந்த ஒரு குரல். அந்தக் குரல் இப்போது கண்காட்சியில். எடுத்துவிடவா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"விடு. சமையல்தானே" என்றார்.

சரி என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் அடுத்தது வந்தது.

"வியாழக்கிழமை நான் வரேலாது, பிள்ளை. எங்களுக்குத் துடக்கு."

துடக்கு என்றால், இந்தியத் தமிழர் தீட்டு என்பார்கள். செத்த வீட்டுக்காரர் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை, அதாவது ஒரு மாதத்துக்குக் கோயில் பக்கம் போகக்கூடாது. அப்பாவின் அண்ணன் என்பதால் எங்கள் வீட்டுக்கும் முழுத் துடக்கு. கடல் கடந்து, விமான நிலையப் பரிசோதனை எல்லாம் தாண்டி வந்து ஹ்விடோவ்ரேயில் எங்கள் கதவைத் தட்டுகிற துடக்கு.

"அம்மா, அது கோயில் இல்லை."

"வெள்ளிக்கிழமை விளக்கேத்தினமெண்டு நீதானே சொன்னனீ?"

"அது மெழுகுதிரி."

"மந்திரம் சொல்லினமோ இல்லையோ?"

"சொல்லுவினம். ஆனா..."

"பாணைத் துணியால மூடி வைச்சு, படைச்சுப்போட்டுத்தானே சாப்பிடுகினம்? அது பிரசாதம் இல்லாட்டி வேற என்ன?"

"அங்க கோப்பி மெஷின் இருக்கம்மா! கோயிலுக்குள்ள கோப்பி மெஷின் இருக்குமோ?"

"எங்கட கோயில்ல கோலா மெஷின் இருக்கு" என்றார் அம்மா.

இருக்கிறது. தேர்முட்டிப் பக்கம், குடிதண்ணீர்க் குழாய்க்கு அருகில். துடக்கைப் பற்றி நான் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல புள்ளி எடுத்தவள். தூய்மை, எல்லை, ஒழுங்கு என்று பெரிய பெரிய சொற்கள். அம்மாவின் கேள்வி ஒன்றுக்கும் அந்தச் சொற்களில் பதில் இருக்கவில்லை.

"நீயும் போகக்கூடாது" என்று கடைசியாகச் சொன்னார். "ஆனா நீ கேக்கமாட்டாய்."

கேட்கவில்லை.

வியாழக்கிழமை வந்தது. அம்மா வரமாட்டார், ஆனால் பிள்ளையின் நல்ல காரியத்துக்கு ஒன்றும் கொடுத்துவிடாமல் இருக்கவும் மாட்டார். துடக்கு வீட்டில் சமைத்ததை வெளியாருக்குக் கொடுக்கக்கூடாது. அதற்கும் வழி கண்டுபிடித்தார். மேல்மாடியில் இருக்கிற அன்ரி பருத்தித்துறைக்காரி. அந்த ஊர் வடை தட்டையாக, மொறுமொறுவென்று, வைத்துச் சாப்பிட நல்லது. அம்மா உழுந்து வாங்கிக் கொடுக்க, அன்ரி தன் வீட்டில், தன் எண்ணெயில் சுட்டார். பாத்திரமும் அன்ரியுடையதுதான். பெரிய எவர்சில்வர் தூக்குவாளி. பஸ்ஸில் திறந்துவிடாமல் இருக்க அம்மா அதன் மூடியை மண்ணிறப் பார்சல் டேப்பால் சுற்றி, சுற்றி, மறுபடியும் குறுக்கால் சுற்றி ஒட்டினார். ஊருக்குச் சூட்கேஸ் கட்டுவது போல. மேலே வெள்ளித் தாள்.

"வாசல்ல வந்து வாங்கு" என்று ஃபோனில் சொன்னார். சரி என்றேன்.

அம்மா வந்து சேர்ந்த நேரத்தில் நான் முதல் மாடியில், ஒலிக்காரப் பெடியனோடு ஹெட்ஃபோன்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பெடியன் என்றால் என் வயதுதான். தலையைச் சடை சடையாக விட்டிருப்பான். தாய் வழியில் யூதன், தகப்பன் வழியில் மீன்பிடிக்காரக் குடும்பம் என்று தன்னை அறிமுகப்படுத்துவான். அம்மாவின் பூசணிக்காய்ப் பகுதி அவனுக்கு மனப்பாடம். என் ஃபோன் கீழே கோப்பி மேசை லாச்சிக்குள் கிடந்து அதிர்ந்துகொண்டிருந்தது.

அம்மா வாசலில் நின்று ஃபோன் எடுத்துப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார், நான் பதில் கொடுக்கவில்லை. பொலிஸ்காரர் அந்த நேரம் தெரு மூலை வரை நடந்து போயிருந்தார். ஆட்கள் நல்ல உடுப்போடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவரிடம் கொடுத்துவிடலாம்தானே என்று பிறகு நான் கேட்டதற்கு, "துடக்கோட கையில குடுக்கிறதோ? அவை கோயிலுக்குப் போற சனம்" என்றார். கையால் கொடுக்கக்கூடாது, கீழே வைத்தால் மற்றவர் எடுக்கலாம். அதுதான் அம்மாவின் சட்டம். ஆகவே தூக்குவாளியை வாசல் படியில் படாமல், சுவரோரம் மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாக ரோட்டைக் கடந்து, எதிர்ப் பக்கத்தில் ஒரு வானுக்குப் பின்னால் நின்றுகொண்டார். நான் வந்து எடுக்கிறேனா என்று பார்க்க.

இதை அப்படியே பொலிஸ்காரர் கண்ணால் ஒரு தரம் பாருங்கள்.

மேலே, எங்களுக்கு அபாய மணி அடித்தது. இதற்கு ஒத்திகை எல்லாம் பார்த்திருக்கிறோம். பின்பக்கப் படிக்கட்டு, முற்றம், பக்கத்துத் தெரு. ஒருவரும் கத்தவில்லை. வைன் கிளாஸோடு இருந்தவர்கள் கிளாஸோடேயே இறங்கினார்கள். ஒரு கிழவர் மட்டும், தான் எடுத்துவைத்த ஒலிவ் காய்த் தட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்து, தட்டோடு வந்தார். பொறுப்பாளர் ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினார். அவருடைய கை பேசவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. பகிடி இல்லை. நான் கோப்பி கொடுக்கிற அந்தத் துவக்குக்காரர் அங்கே ஏன் நிற்கிறார் என்பது எனக்கு அதுவரைக்கும் உண்மையில் விளங்கவில்லை என்று நினைக்கிறேன்.

தெரு மூலையில் பொலிஸ் நாடா கட்டியிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். எதிர்ப் பக்கத்தில் இரண்டு பொலிஸ்காரருக்கு நடுவில் ஒரு சின்ன உருவம், ஊதாக் குளிர்கோட்டு.

"அது என்ர அம்மா" என்றேன்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மா அவர்கள் கேட்க முன்னமே கைப்பையைத் திறந்து, கடவுச்சீட்டு, மஞ்சள் நிறச் சுகாதார அட்டை, முதியோர் இல்ல வேலை அட்டை, நூலக அட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து ஒரு இளம் பொலிஸ்காரரின் கையில் அடுக்கிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் இராணுவச் சென்றிக்குச் சென்றி பஸ்ஸால் இறங்கி அடையாள அட்டை காட்டி வளர்ந்த கை. பொலிஸ்காரர் "ஒண்டு போதும், ஒண்டு போதும்" என்று சொல்லிக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள என்ன?" என்று என்னைக் கேட்டார்.

"வடை."

"அதென்ன?"

"உழுந்து. எண்ணெயில பொரிச்சது."

"நிச்சயமோ? நீங்கள் பாத்தனீங்களோ?"

"பாக்கேல்லை. ஆனா அந்த டேப் சுத்தின விதத்தை நான் பிறந்ததில இருந்து பாக்கிறன்."

அது அவர்களுடைய விதிமுறைக்குப் போதவில்லை. நாய் ஒன்று வந்தது. தூக்குவாளியைச் சுற்றி மோந்தது. வாலை ஆட்டியது. பிறகும் ஆட்டியது. நாயைக் கொண்டுவந்தவர் அதைத் திரும்பக் கூப்பிடச் சிரமப்பட்டார். இறுதியில் டேப்பை வெட்டித் திறந்தார்கள், மூன்று நிமிடம் வெட்டினார்கள், உள்ளே வடை.

ஆட்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். அம்மா வாசலுக்குப் பக்கத்தில், ஆனால் படியில் கால் படாமல் நின்றார். முகம் வெளிறியிருந்தது. பொறுப்பாளரைக் கண்டதும், தாதிமாரிடம் கதைத்துப் பழகிய அந்த நல்ல டேனிஷில், மன்னிக்கச் சொன்னார், மறுபடியும் மன்னிக்கச் சொன்னார். பொறுப்பாளர் அம்மாவின் கையைப் பிடிக்கப் போனார். அம்மா கையை இழுத்துக்கொண்டார்.

"ஏன் உள்ள வராமல் நிண்டனீங்கள்?" என்று பொறுப்பாளர் கேட்டார்.

"எங்கட வீட்டில ஒரு செத்த வீடு. கோயிலுக்குள்ள வரக்கூடாது."

நான் காத்திருந்தேன். இதோ சொல்லப்போகிறார், இது கோயில் இல்லை, இது வெறும் பண்பாட்டு இல்லம், உள்ளே வாங்கோ என்று. அவர் சொன்னால் அம்மா கேட்பார். அந்த ஒரு வசனத்துக்காக நான் எல்லாக் கடவுளையும் கும்பிட்டேன்.

"இது கோயில் இல்லை" என்றுதான் தொடங்கினார். பிறகு சிவப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆர் செத்தது?"

"அவவின்ர மச்சான். என்ர பெரியப்பா" என்றேன் நான். "ஒரு மாதம் போகவேணும், அதுக்குப் பிறகுதான்."

"எங்களுக்கும் முப்பது நாள்" என்றார். "அந்த முப்பது நாளும் பாட்டு, கொண்டாட்டம் இருக்கிற இடத்துக்குப் போறதில்லை. அவ செய்தது சரி."

"சும்மா கதை விடாதையுங்கோ!" என்று ஒலிக்காரப் பெடியன் குறுக்கே வந்தான். வாயில் வடை. "உங்கட அப்பா செத்த கிழமை நீங்கள் இஞ்ச படம் காட்டினீங்கள். நான்தான் புரொஜெக்டர் போட்டனான்."

"அது படம்."

"படம் கொண்டாட்டம் இல்லையோ?"

"அந்தப் படம் இல்லை."

"அப்ப இது கோயிலோ இல்லையோ? ஒரு முடிவுக்கு வாங்கோ. நான் கோயில்ல வேலை செய்யிறனெண்டால் எனக்குத் தெரியவேணும்."

ஒலிவ் தட்டுக் கிழவரும் சேர்ந்துகொண்டார். அவருக்கு எல்லாமே மூடநம்பிக்கை. தன் மனைவி செத்த அடுத்த நாளே தான் உதைபந்தாட்டம் பார்க்கப் போனதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது ஒலிவ் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். இன்னொரு பெண் அவரை ஏசினாள். நடைபாதையில் நின்று அவர்கள் தங்களுக்குள் சண்டை பிடிக்க, நடுவில் அம்மா, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். கோயில் நிர்வாகசபைக் கூட்டத்துக்கு வந்துவிட்டது போல அவருடைய முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அவ வரவேண்டாம்" என்று பொறுப்பாளர் முடிவாகச் சொன்னார். பிறகு ஏதோ யோசித்து என் பக்கம் திரும்பினார். "ஆனா அவர் உனக்குப் பெரியப்பா எல்லோ? அப்ப உனக்கும் இருக்குத்தானே?"

அம்மா என்னைப் பார்த்தார்.

"அதைத்தான் நானும் கேக்கிறன்" என்றார்.

என் பெயர் சுவரில் இருந்தது. ஆட்கள் ஹெட்ஃபோனுக்காக மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். திறப்பு உரையில் நான் ஒரு நிமிடம் கதைக்கவேண்டும். நான் துடக்கை நம்பாதவள், சரிதானே? ஆனால் அந்தப் படிக்கு முன்னால் நின்றபோது என் கால் ஒரு கணம் யோசித்தது. காலுக்கு என்ன தெரியும்? பிறகு ஏறிவிட்டேன். மேலே போய் ஜன்னலால் பார்த்தபோது அம்மா வெறும் தூக்குவாளியோடு பஸ் தரிப்பிடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். வடை எல்லாம் முடிந்துவிட்டது. என் உரையில் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் கேட்டேன்.

"உண்மையாத் துடக்குத்தானோ? இல்லாட்டி பெரியப்பான்ர குரலைக் கேக்கேலாதெண்டோ?"

அம்மா கழுவிய தூக்குவாளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு காரணம் வேணும்" என்றார். "படிச்சதால வந்த நோய்."

"சொல்லுங்கோவன்."

"அன்ரிட்ட இதைக் குடுத்திட்டு வா."

அந்தியேட்டி முடிந்தது. யாழ்ப்பாணத்தில் கிரியை, இங்கே அம்மா ஃபோனில் பார்த்தார். துடக்குக் கழிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கம்பளக் கோயிலுக்குப் போய்வந்தார். பண்பாட்டு இல்லத்துக்கு வரவில்லை. வேலை என்றார், முழங்கால் நோ என்றார், பாப்பம் என்றார். இனிமேல் துடக்கு என்று சொல்லவும் முடியாது, ஆகவே அது துடக்கு இல்லை என்று நான் முடிவுகட்டினேன். பிறகு அதிலும் சந்தேகம் வந்தது. அன்று ரோட்டைக் கடந்தபோது அவர் பயந்தது எதற்கு? பெரியப்பாவுக்கா, சாமிக்கா, பொலிஸுக்கா? எல்லாம் கலந்தா? வெள்ளிக்கிழமைகளில் எங்கள் சமையலறையில் இப்போது விசிறி மட்டும்தான் இரையும். ஃபோன் மேசையில் கவிழ்ந்து கிடக்கும். ஒரு தரம் நானே அறைக்குள் இருந்து அம்மாவுக்கு ஃபோன் எடுத்து, "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்டேன். அம்மா ஃபோனை வைத்துவிட்டார். அது பிழையா என்றும் எனக்குத் தெரியாது. அன்று கறியில் உப்பு இல்லை.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை முடிகிறது என்று போன கிழமை சொன்னேன். "அப்பிடியோ" என்றார்.

இன்று பின்னேரம் நான் கோப்பி மேசையில் நின்று பால் நுரைக்க வைத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினால் அம்மா முன்னால் நிற்கிறார். வேலை உடுப்புக்கு மேல் கோட்டு. பொலிஸ்காரர் கதவைப் பிடித்துக் கொடுத்தாராம்.

"உன்னைப் பாக்க வரேல்லை" என்றார். "எங்கால ஏறுறது?"

படியைக் காட்டினேன். கூட வரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஒலிக்காரப் பெடியன் மேலேயிருந்து இறங்கி வந்து, கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னான். அழுகிறாரா என்று கேட்டேன். தெரியவில்லை, முகம் சுவர்ப் பக்கம் என்றான். சிரிக்கிறாரா? அதுவும் தெரியவில்லை என்றான்.

பதிவு நாலு நிமிடம். முடிந்தால் தானாகத் திரும்பத் தொடங்கும். நான் இதை ஃபோனில் தட்டச்சுச் செய்துகொண்டிருக்கிறேன், இல்லத்தைப் பூட்டவேண்டிய நேரம் தாண்டிவிட்டது, அம்மா இன்னும் மேலேதான் இருக்கிறார்.